யெஸ் டோர், ஹை வில்ஹேஸ்: வெயில் நாளில் ஒரே நடையில் இரண்டு முகடுகள்

இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள எக்ஸெட்டரில் மேற்படிப்புக்கு வந்திருக்கும் நீங்கள், ஜூன் மாதத்தில் வானம் வெளுத்திருக்கும் ஒரு சனிக்கிழமையில், டார்ட்மூரின் மிக உயரமான இரண்டு முகடுகளையும் சொந்தக் கார் இல்லாமல் ஒரே நாளில் நடந்து முடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெள்ளகவி வழியாகக் கொடைக்கானலுக்கே ஏறியவனுக்கு அறுநூறு மீட்டர் ஒரு பொருட்டா, அதுவும் நல்ல வெயிலில், என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு விடை: தாராளமாக முடியும். இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே உங்களைச் சோதிக்கப்போவது ஏற்றமே அன்று. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவில், பார்வைக்குச் சமதளம்போல விரிந்து கிடக்கும் தரைதான்.

டெவன் மாவட்டத்தின் தென்பகுதியில் கருங்கல் மேடாக எழுந்து நிற்கும் டார்ட்மூர் 1951-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் வடமேற்கு மூலையில், ஓக்ஹாம்ப்டன் என்ற சிற்றூருக்குத் தெற்கே, 621 மீட்டர் உயரத்தில் ஹை வில்ஹேஸும் 619 மீட்டர் உயரத்தில் யெஸ் டோரும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கின்றன. தென் இங்கிலாந்தில் இரண்டாயிரம் அடியைத் தாண்டும் முகடுகள் இவை இரண்டு மட்டுமே. வேடிக்கை என்னவென்றால், யெஸ் டோர்தான் உயரமானது என்று மக்கள் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். ஊரிலிருந்து பார்க்கும்போது அது கூரிய தலையோடு முன்னால் நிற்கிறது; இரண்டு மீட்டர் கூடுதலான மற்றதோ அதன் முதுகுக்குப் பின்னால் படுத்துக் கிடக்கிறது. உச்சிக்கே போய் நின்று பார்த்தாலும் கண் அந்தப் பொய்யைத்தான் சொல்லும். நான் முதல்முறை ஹை வில்ஹேஸின் கற்குவியல் அருகே நின்று, எதிரே தெரிந்த யெஸ் டோரைப் பார்த்து, வரைபடத்தில்தான் ஏதோ பிழை இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

மூர் என்னும் நிலத்துக்கு நம் மொழியில் நேர்ச்சொல் கிடையாது. மரமற்று, காற்று ஓயாது வீசும் உயர்மேடு. அடியில் நீரை உள்ளே விடாத கருங்கல். அதன்மேல் பல ஆயிரம் ஆண்டுகளாக மட்கியும் மட்காமலும் சேர்ந்துபோன தாவரக் கழிவான பீட் மண். அதற்கும் மேல் புல்லும் பாசியும் ஹெதர் புதரும். ஆங்காங்கே இந்த மேட்டின் தோலைக் கிழித்துக்கொண்டு கருங்கல் அடுக்குகள் வெளியே நீட்டி நிற்கும். அவற்றைத்தான் டோர் என்கிறார்கள். தோசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோலக் கிடைக்கோடாக வெடித்திருப்பதால், யாரோ கட்டிவைத்தவைபோலத் தோன்றும். பனியுகத்தில் பெரிய பனிப்பாளங்கள் இந்த மேட்டை வழித்துத் துடைக்காமல் விட்டதால்தான் இவை தப்பி நிற்கின்றன. ஆனால் அக்காலத்து உறைபனி பாறை விரிசல்களில் புகுந்து உடைத்துத் தள்ளிய கற்கள் ஒவ்வொரு டோரின் சரிவிலும் சிதறிக் கிடக்கின்றன. உள்ளூரில் அந்தக் கற்பரப்புக்குக் க்ளிட்டர் என்று பெயர். கணுக்காலைச் சுளுக்க வைப்பதில் அதற்கு நிகர் வேறில்லை.

புறப்படும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலை வானிலையைப் பார்ப்பதைவிட முக்கியமானது. நீங்கள் போகும் இரண்டு முகடுகளுமே ஓக்ஹாம்ப்டன் துப்பாக்கிப் பயிற்சி எல்லைக்குள் இருக்கின்றன. இராணுவம் நிஜக் குண்டுகளைப் பயன்படுத்திப் பயிற்சி செய்யும் நாட்களும் நேரங்களும் முன்கூட்டியே வெளியிடப்படுகின்றன. முதல் நாள் மாலை அதைப் பார்த்துவிடுங்கள். பயிற்சி நடக்கும் பகலில் எல்லையைச் சுற்றியுள்ள உயரமான இடங்களில் சிவப்புக் கொடி பறக்கும், இரவில் சிவப்பு விளக்கு எரியும். யெஸ் டோரின் உச்சியிலேயே அப்படி ஒரு கொடிக்கம்பம் உண்டு. கொடி ஏறியிருந்தால் எல்லையைக் காட்டும் சிவப்பு வெள்ளைக் கம்பங்களைத் தாண்டக் கூடாது. இதில் பேரத்துக்கு இடமில்லை. கொடி இல்லாத நாட்களிலும் தரையில் கிடக்கும் உலோகப் பொருள் எதையும் தொடாதீர்கள், எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் சரி. மற்றபடி, 1985-ஆம் ஆண்டின் டார்ட்மூர் பொதுநிலச் சட்டப்படி இந்தப் பொதுமேய்ச்சல் நிலங்களில் காலாலோ குதிரையிலோ சென்று பொழுதைக் கழிக்க யாருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமைக்குள் இரவு கூடாரமடித்துத் தங்குவதும் அடங்கும் என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்ததால், முதுகில் பெரிய மூட்டையோடு எதிர்ப்படுபவர்களையும் நீங்கள் காணலாம்.

கார் இல்லாதது இந்த நடைக்கு ஒரு குறையே அல்ல. 1972-இல் வழக்கமான பயணிகள் சேவை நிறுத்தப்பட்ட எக்ஸெட்டர்–ஓக்ஹாம்ப்டன் ரயில் பாதையில் 2021 நவம்பரில் மீண்டும் வண்டிகள் ஓடத் தொடங்கின. முக்கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். நிலையம் ஊருக்குத் தெற்கே மேட்டின்மேல் இருப்பதும் நமக்குச் சாதகம், ஏனென்றால் ஊருக்குள் இறங்கி மறுபடியும் ஏறும் வேலை மிச்சம். இராணுவ முகாமுக்குப் போகும் சாலையில் ஏறி, முகாமைத் தாண்டி, மூர் கேட் என்ற வாயிலைக் கடந்தால் வேலிகள் முடிந்து திறந்தவெளி தொடங்கிவிடும். அங்கிருந்து ரோ டோர், அடுத்து 541 மீட்டர் உயரமுள்ள வெஸ்ட் மில் டோர், பிறகு யெஸ் டோர் என்று படிப்படியாக ஏறுவதையே நான் சொல்வேன். இராணுவம் போட்ட சரளைப் பாதைகளிலேயே நடந்து நேராக யெஸ் டோரின் தோளுக்கு ஏறிவிட முடியும்தான். ஆனால் இவ்வளவு தெளிந்த நாளில் சரளையைப் பார்த்துக்கொண்டே நடப்பது, விருந்துக்குப் போய் ஊறுகாயை மட்டும் தொட்டுக்கொண்டு வருவதைப் போன்றது.

வெஸ்ட் மில் டோரின் பாறைமேல் நின்று யெஸ் டோரைப் பார்க்கும்போது, நடுவில் ஒரு பள்ளமும் அதில் ரெட்-அ-வென் என்ற ஓடையும் தெரியும். கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருக்கும். பெரும்பாலோர் செய்யும் தவறு இங்கேதான் நடக்கிறது: எதிர்முகட்டைக் கண்ணால் பிடித்துக்கொண்டு நூல் பிடித்ததுபோல நேராக இறங்குவார்கள். மலைச்சரிவில் நேர்க்கோடு குறுக்கு வழியாக இருக்கலாம். மூரில் அப்படி இருப்பது அரிது. இறங்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்தபடி, கீழே தெரியும் நிறங்களைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். மூடுபனி நாளில் கிடைக்காத சலுகை இது; வெயில் நாளின் உண்மையான பயன் என்று நான் கருதுவதும் இதைத்தான்.

மஞ்சள் பூவோடு முள் அடர்ந்து நிற்கும் கோர்ஸ் புதர் வடிகால் உள்ள தரையில்தான் வளரும். அதைக் கண்டால் பக்கத்தில் கால் வைக்க நம்பலாம். (உதகைப் பக்கம் ஆங்கிலேயர் கொண்டுவந்து நட்டு, இன்று சோலைப் புல்வெளிகளுக்குத் தொல்லையாகிவிட்ட அதே புதர்தான் இது, இதன் சொந்த ஊர் இந்தப் பக்கம்.) இடுப்பளவு வளரும் பெரணியும் ஆழமான, உலர்ந்த மண்ணையே விரும்பும், ஆனால் அதற்குள் நுழைவதில் வேறொரு சிக்கல் உண்டு, பின்னால் சொல்கிறேன். ஹெதர் கருஞ்செம்மையாகத் தெரியும், கால் தடுக்கினாலும் பெரும்பாலும் புதையாது. கோரை கொத்துக்கொத்தாக நின்றால் ஈரம் உண்டு, எனினும் கொத்தின் வேரடியில் மிதித்துக் கடந்துவிடலாம். வெள்ளைப் பஞ்சை நுனியில் கட்டிவிட்டதுபோலக் காற்றில் ஆடும் பஞ்சுப்புல்லைக் கண்டால் சுற்றிக்கொண்டு போங்கள். எல்லாவற்றிலும் மோசமானது எது தெரியுமா? சுற்றிலும் வெளிறிய புல் இருக்க, நடுவில் மட்டும் நாற்றங்கால்போலப் பளிச்சென்று மின்னும் பசுமை. அது ஸ்ஃபேக்னம் என்னும் பாசி, தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைக் குடித்துவிட்டு உளையின்மேல் மெத்தையாக மிதப்பது. டார்ட்மூர்க்காரர்கள் இப்படிப்பட்ட இடங்களை இறகு மெத்தை என்றே அழைக்கிறார்கள். காலை வைத்தால் சில அடி தள்ளியிருக்கும் பாசியும் சேர்ந்து அசையும்.

நான் ஒருமுறை அதில் இறங்கியிருக்கிறேன். மூன்று வாரம் மழையே பெய்யாத ஒரு மே மாதம் அது. மேற்பரப்பு காய்ந்து வெடித்திருந்ததால் துணிந்து மிதித்தேன். பொருக்கு ஒரு கணம் தாங்கியது, பிறகு முழங்கால்வரை உள்ளே போனேன். கதைகளில் வருவதுபோல அது யாரையும் தலைவரை விழுங்கவில்லை. ஆனால் காலை இழுத்தால் காலணி உள்ளேயே தங்கிவிடும் அளவுக்கு உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. பக்கத்துப் புல்கொத்தின்மேல் குப்புறப் படுத்து, உடல் எடையைப் பரப்பி, குதிகாலை மெல்ல ஆட்டி ஆட்டித்தான் வெளியே எடுக்க முடிந்தது. அப்படிப் படுத்திருந்தபோதுதான் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், சிவந்த மயிர்களின் நுனியில் பசைத்துளிகள் மின்ன, ஒரு கொசுவைச் சுருட்டிப் பிடித்திருந்த பூச்சியுண்ணும் செடியை முதன்முதலாகப் பார்த்தேன். சத்தே இல்லாத இந்தப் பீட் மண்ணில் அதற்கு வேண்டிய நைட்ரஜன் அப்படித்தான் கிடைக்கிறது. அன்று என் காலணி உலர இரண்டு நாள் ஆனது. மழை பெய்யவில்லை என்பது மேல்தோலுக்கு மட்டுமே பொருந்தும் செய்தி.

ஓடையைத் தாண்டியபின் யெஸ் டோருக்கு இருக்கும் ஏற்றம் நூற்றைம்பது மீட்டருக்குள்தான், ஆனாலும் இந்த நடையில் மூச்சு வாங்கும் இடம் அது ஒன்றே. உச்சியில் நில அளவைத் தூண் இருக்கிறது. கருங்கல்லில் விரல் நீளத்துக்கு வெள்ளைப் படிகங்கள் பதிந்திருப்பதைத் தடவிப் பாருங்கள். அவற்றின் சொரசொரப்பால்தான் காய்ந்த நாளில் காலணி வழுக்காமல் பிடிக்கிறது. வடக்கே டெவனின் வேலியிட்ட பச்சை வயல்கள் துண்டு துண்டாக விரியும், தொலைவில் எக்ஸ்மூர் நீலக் கோடாகத் தெரியும். மேற்கே கார்ன்வாலின் மிக உயரமான பிரவுன் வில்லி இருக்கும் பாட்மின் மூர். தெற்கே திரும்பினால் ஒரு வயல்கூடக் கிடையாது. அந்தப் பக்கம் பழுப்பு நிறத்தில் மேடும் பள்ளமுமாகப் போய்க்கொண்டே இருக்கும். அங்கிருந்து ஹை வில்ஹேஸ் நேர் தெற்கே, இருபது நிமிட நடை. இடையில் இறக்கம் மிகக் குறைவு, தேய்ந்த பாதையும் உண்டு. உச்சி என்று சொல்லிக்கொள்ள அங்கே இருப்பது ஆளுயரத்துக்குச் சற்றே கூடுதலான பாறைத் திட்டும் அதன்மேல் ஒரு கற்குவியலும்தான். தென் இங்கிலாந்தின் கூரை இவ்வளவுதானா என்று ஏமாற்றமடையாதவர் குறைவு. எனக்கு இப்போதெல்லாம் யெஸ் டோரைவிட இதுதான் பிடித்திருக்கிறது, கூட்டம் பெரும்பாலும் முன்னதிலேயே நின்றுவிடுவதால்.

மணி ஒன்றுகூட ஆகியிருக்காது, வெயில் நன்றாக இருக்கும், கால்களில் தெம்பு மிச்சமிருக்கும். அப்போது வரைபடத்தில் தென்கிழக்கே நாலு கிலோமீட்டரில் கிரான்மியர் பூல் என்ற பழைய குளத்தின் பெயர் கண்ணில் படும். 1854-இல் சாக்ஃபோர்டைச் சேர்ந்த ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, அங்கே வந்து சேர்பவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை விட்டுச் செல்ல ஒரு ஜாடியை வைத்தார். பாறையிடுக்கில் ஒளித்துவைத்த பெட்டிகளைத் தேடிப்போகும் டார்ட்மூர் விளையாட்டு அதிலிருந்துதான் பிறந்தது. கதை அழகானது, போக வேண்டிய இடமும்தான், ஆனால் முதல் நடையிலேயே வேண்டாம். இந்த நாலு கிலோமீட்டரில் பாதை தொடர்ந்து இராது. முழங்கால் உயரப் புல்திட்டுகள், அவற்றுக்கிடையே ஆளுயரப் பள்ளங்களாக அரித்துப்போன பீட் வாய்க்கால்கள், ஒவ்வொன்றிலும் இறங்கி ஏற வேண்டும், இறங்கினால் அடுத்த அடையாளம் கண்ணிலிருந்து மறையும். மணிக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தாலே நல்ல வேகம். போக இரண்டு மணி, திரும்ப இரண்டு மணி என்றால் உங்கள் நாள் அங்கேயே முடிந்துவிடும்.

ஆகவே ஹை வில்ஹேஸிலிருந்து மேற்கே திரும்பி, பிளாக் டோரை நோக்கி இறங்குங்கள். அங்கிருந்து வெஸ்ட் ஓக்மென்ட் ஆற்றின் பள்ளத்தாக்குக்குள் எட்டிப் பார்த்தால், க்ளிட்டர் கற்களுக்கு நடுவே ஒரு சிறு காடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிளாக்-அ-டோர் காப்ஸ் என்ற அந்த ஓக் மரக்காடு, டார்ட்மூரின் உயர்ந்த மேட்டில் எஞ்சியிருக்கும் மூன்று குள்ள ஓக் காடுகளுள் ஒன்று. காற்றாலும் மேய்ச்சலாலும் வளைந்து முறுகி, கிளையெல்லாம் பாசியும் கற்பாசியும் மூடி நிற்கும் அந்த மரங்களை மேலிருந்தோ விளிம்பிலிருந்தோ பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. உள்ளே மிதிபடும் ஒவ்வொரு பாசித் திட்டும் மறுபடி மூட ஆண்டுக்கணக்காகும். பிறகு வடக்கே லாங்ஸ்டோன் ஹில் வழியாகப் புல்பாதையில் இறங்கினால், 1972-இல் கட்டி முடிக்கப்பட்ட மெல்டன் நீர்த்தேக்கத்தின் அணைக்கு வந்துவிடலாம். அணைக்குக் கீழே, 1874-இல் எழுப்பப்பட்டு 46 மீட்டர் உயரத்தில் இரும்புக் கால்களில் நிற்கும் மெல்டன் ரயில் பாலம் இன்று நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் உரியது. அதையொட்டிப் பழைய தண்டவாளத் தடத்தின்மேல் போகும் கிரானைட் வே என்ற சமமான பாதை, ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டரில் உங்களைப் புறப்பட்ட நிலையத்திலேயே கொண்டுவிடும். களைத்த கால்களுக்கு இதைவிடக் கனிவான முடிவு டார்ட்மூரில் எனக்குத் தெரிந்து வேறில்லை.

எல்லாம் சேர்த்து 16 முதல் 17 கிலோமீட்டர், ஏற்றம் ஏறக்குறைய 500 மீட்டர். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி கூட்டிக்கொள்ள வேண்டும். அதன்படி நாலேகால் மணி நேரம் வரும். ஆனால் அந்தக் கணக்கு நல்ல பாதையில் நிற்காமல் நடக்கும் பழகிய கால்களுக்கானது. புல்திட்டுகளையும், சுற்றிப்போகும் வளைவுகளையும், உச்சியில் உட்காரும் நேரத்தையும் சேர்த்தால் ஆறரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூனில் இரவு ஒன்பதரைவரை வெளிச்சம் இருக்கும் என்பதால் இருட்டுக்குப் பயப்பட வேண்டாம். திரும்பும் ரயில்களின் நேரத்தை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், மேட்டின் தென்பக்கச் சரிவுகளில் கைபேசிக்கு இணைப்புக் கிடைப்பது நிச்சயமில்லை. அதே காரணத்தால் பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓஎல் 28 எண்ணுள்ள வரைபடத்தையும் ஒரு திசைகாட்டியையும் கையில் வைத்திருங்கள். எல்லா டோர்களும் கண்ணுக்குத் தெரியும் நாளில் யெஸ் டோரிலிருந்து ஹை வில்ஹேஸுக்கும், அங்கிருந்து பிளாக் டோருக்கும் திசைக்கோணம் எடுத்துப் பழகிவிட்டால், பிழையைக் கண்ணே திருத்திவிடும். தென்மேற்கிலிருந்து மேகம் தாழ்ந்து வந்து அரைமணி நேரத்தில் உச்சியை மூடிவிடுவது இங்கே கோடையிலும் நடக்கும்.

வெயிலைப் பற்றி நம்மவர்களுக்கு ஒரு தனி அறிவுரை. மதுரை வெயிலில் வளர்ந்தவனுக்கு இந்த வெயில் என்ன செய்யும் என்ற எண்ணம் நண்பகல்வரைதான் நீடிக்கும். ஊரில் 22 பாகை இருக்கும்போது உச்சியில் நாலு பாகை குறைவாக இருக்கும், காற்றும் வியர்வையை உடனே உலர்த்திவிடும். அதனால் காய்வதே தெரியாமல் காய்வீர்கள். மூர் கேட்டிலிருந்து அணைவரை ஒதுங்க ஒரு மரநிழல் கிடையாது. விளிம்புள்ள தொப்பியும், கழுத்துக்கும் காதுக்கும் பூசக் களிம்பும், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் வேண்டும். ஓடைநீர் பளிங்குபோல இருந்தாலும் மேலே செத்துக் கிடக்கும் ஆடு உங்கள் கண்ணுக்குத் தெரியாது. வடிகட்டி இல்லாமல் குடிக்காதீர்கள். காய்ந்த புல்லில் தீ நொடியில் பரவும் என்பதால் அடுப்பு, சிகரெட் எதுவும் வேண்டாம். பிடரிமயிர் பறக்க வழியில் நிற்கும் மட்டக்குதிரைகளுக்கு ரொட்டி நீட்டாதீர்கள். அவை பார்க்கச் சாதுவானவை, உதைக்கத் தெரிந்தவை, ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளரும் உண்டு.

பெரணியைப் பற்றிப் பின்னால் சொல்வதாகச் சொன்னேன். அதன் ஓலைகளில் உண்ணிகள் காத்திருக்கும். அவற்றுள் சில லைம் நோயின் கிருமியைச் சுமப்பவை. எத்தனை வெயிலானாலும் முழுநீளக் கால்சட்டை அணிந்து, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், வெளிர்நிறத் துணியாக இருந்தால் ஊர்வது தெரியும். ரயில் ஏறும் முன் முழங்கால் மடிப்பையும் இடுப்புப் பட்டை இருந்த இடத்தையும் தடவிப் பாருங்கள். எள்ளளவு கறுப்பாக ஏதேனும் ஒட்டியிருந்தால் நகத்தால் கிள்ள வேண்டாம். நுனி மெல்லிய இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் படர்ந்தாலோ காய்ச்சல் வந்தாலோ, உண்ணி கடித்த நாளைக் குறிப்பிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.